கடலில் குளித்த சைக்கிள்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் குடும்பத்தோடு பாண்டிச்சேரிக்குப் போய்விட்டுத் திரும்பினான். பேரப் பிள்ளைகள் கிளிஞ்சலும் மணலுமாகக் கொண்டுவந்து கூடத்தில் கொட்டிக்கொண்டிருக்க, இவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் ரப்பர் குழாயை எடுத்துக்கொண்டு காரைக் கழுவக் கிளம்பினான்.

"இப்பத்தானேடா வந்தே, ஒரு வாய் காபி குடிச்சிட்டுக் கழுவேன்" என்றேன்.

"கடல் காத்துப்பா. அப்படியே விட்டா உப்பு தகரத்தைத் தின்னுடும்" என்றான்.

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கிழவனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று மருமகள் எட்டிப் பார்த்தாள். இந்த ஒரு ஞானம் நாச்சிமுத்துவுக்கும் எனக்கும் அன்றைக்கு இருந்திருந்தால், நிச்சயமான ஒரு கல்யாணம் அந்த ஆட்டம் ஆடியிருக்காது.

நாச்சிமுத்து மோகனூர்ப் பக்கத்துக்காரன். காவிரிக் கரையோரம் காடு தோட்டம் உள்ள குடும்பம். நான் சேலத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்தும் தறிக் குழியில் உட்கார உடம்பு வணங்காமல் நூல் கடையில் கணக்கெழுதப் போனவன். அவன் வெல்ல மண்டியில் குமாஸ்தா. யுத்தம் வருவதற்கு முந்திய வருடங்கள் அவை. செவ்வாய்ப்பேட்டையில் ஒரே அறையில் குடியிருந்தோம். அவன் சட்டையில் எப்போதும் வெல்ல வாசம் அடிக்கும். எறும்பு தேடி வருவது அவனை, கடிப்பது என்னை. இப்போதும் புது வெல்லத்தை முகர்ந்தால் எனக்கு முதுகு அரிக்கிறது.

அவனுக்கு மாமன் மகள் பாவாயியை நிச்சயம் செய்திருந்தார்கள். சிறு வயதிலிருந்து பார்த்துப் பழகிய பெண்தான். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். "டவுன்ல இருக்கறீங்களே மாமா, கடலைப் பாத்திருக்கறீங்களா?" என்று ஒரு நாள் கேட்டிருக்கிறாள். இவனும் ஜம்பமாக, "ஓ, பாத்திருக்கறனே" என்று சொல்லிவிட்டான். சேலத்தில் ஏது கடல்? "எப்படிங்க இருக்கும்?" என்று அவள் அடுத்த கேள்வியைப் போட்டதும், "பெருசா இருக்கும்" என்று சொல்லித் தப்பி வந்துவிட்டான்.

ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணு என்பார்கள். இவனுக்கு ஒரு பொய்யே செரிக்கவில்லை. "பொய்யிலயா குடித்தனம் ஆரம்பிக்கறது? கண்ணாலத்துக்குள்ள கடலைப் பாத்துப்போடோணும்டா" என்று என்னைப் பிடித்துக்கொண்டான். மெனக்கெட்டு ஒருவன் தன் பொய்யை உண்மையாக்கப் பார்க்கிறானே என்று எனக்கு அவன்மேல் பிரியம் பொங்கிவிட்டது. பிரியம் பொங்கினால் புத்தி வேலை செய்யாது. நானும் வருகிறேன் என்றேன்.

என்னிடம் ஓர் ஓட்டைச் சைக்கிள் இருந்தது. அதில் மணியைத் தவிர எல்லாம் சத்தம் போடும். அவனுக்கு வண்டி வேண்டுமே! பாவாயியின் அண்ணன் செங்கோடனிடம் ஒரு சீமைச் சைக்கிள் உண்டு. கைப்பிடியும் மணியும் வெள்ளிப் பாத்திரம்போல் மின்னும். மாலையானால் அதைத் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி, கட்டுத்தரையில் காளைகளுக்குப் பக்கத்திலேயே நிறுத்துவார். ஆத்தூர் வரைக்கும் சொந்தக்காரர்களை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும் என்று சொல்லி நாச்சிமுத்து அதைக் கேட்டான். தங்கை கல்யாணமாயிற்றே, மனுஷர் மறுக்கவில்லை. "பொண்ணையும் உங்களை நம்பித்தானுங்க குடுக்கறோம். வண்டி பத்திரமுங்க மாப்ள" என்று மட்டும் சொன்னார்.

வெற்றிலை பாக்கு வைத்தது நிஜம். வாழப்பாடியில் இரண்டு வீடு, ஆத்தூரில் ஒரு வீடு. அதற்குமேல் மேற்கே திரும்பவேண்டிய நாங்கள் கிழக்கே மிதித்தோம். கள்ளக்குறிச்சி, உளுந்தூர்ப்பேட்டை என்று வழி நெடுக ஒரே புழுதி. கட்டுச்சோறு தீர்ந்து, அவலும் தீர்ந்து, பண்ருட்டியில் பலாச்சுளையைத் தின்றே பசியாறினோம். என் வயிறு பட்ட பாட்டை இங்கே எழுதுவது மரியாதையில்லை.

கடலூரில் ஒரு சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் கடல் வந்துவிட்டது. இரண்டு பேரும் சைக்கிளைப் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றோம். நாச்சிமுத்து நெற்றியில் கை வைத்துத் தூரத்தில் எதையோ தேடினான். என்னடா தேடறே என்று கேட்டதும் குதிகாலை எக்கி இன்னும் தூரத்தில் பார்த்தான்.

அங்கிருந்து தெற்கே கரையோரமாகவே போனோம். காய்ந்த மணலில் சைக்கிளை நாங்கள்தான் சுமந்தோம். ஆனால் அலை வந்து திரும்பிய ஈர மணல் இருக்கிறதே, அது சிமெண்டுத் தரை மாதிரி இறுகிக் கிடந்தது. அதில் மிதித்தால் சத்தமே இல்லை. ஒரு பக்கம் சவுக்கு இரைகிறது, ஒரு பக்கம் அலை இரைகிறது, நடுவில் நாங்கள். வலை உலர்த்தும் குப்பங்கள், கவிழ்த்துப் போட்ட கட்டுமரங்கள், சக்கரத்துக்கு முன்னால் சிதறி ஓடும் நண்டுகள். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. கல்யாணத்தன்றுகூட இல்லை, இதை வீட்டில் சொன்னதில்லை.

கடைசியாகத்தான் அந்தக் காரியம் செய்தோம். காவிரிக்கரைப் பிள்ளைக்குத் தண்ணீரைக் கண்டால் மாட்டையும் வண்டியையும் இறக்கிக் குளிப்பாட்டாமல் வர மனசு வராது. "மச்சான் வண்டி, இத்தனை புழுதியோட குடுக்கறதா?" என்று நாச்சிமுத்து சீமைச் சைக்கிளை இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கினான். நானும் என்னுடையதை இறக்கினேன். ஈரத் துண்டால் சக்கரக் கம்பிகளை ஆரம் ஆரமாகத் தேய்த்தோம். மீன் கூடையோடு போன ஒரு பெண்பிள்ளை நின்று, "நல்லா தேச்சிக் குளிப்பாட்டுங்க! அப்பிடியே பொண்ணு பாக்கப் போலாம்" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். வாழ்த்துகிறாள் என்று நினைத்து நாங்களும் சிரித்தோம்.

கள்ளக்குறிச்சி வரும்போதே சங்கிலி முனக ஆரம்பித்துவிட்டது. ஆத்தூரில் ஆரங்கள் செம்மண் நிறம். வாழப்பாடியில் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து, வெண்கலப் பாத்திரம் துலக்குவதுபோலப் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்தோம். மிச்சமிருந்த மினுமினுப்பும் போயிற்று. என் சைக்கிளில் துருப் பிடிக்கப் புதிதாக இடமில்லை. அது எப்போதும்போல இருந்தது.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனதும் செங்கோடன் வாசலுக்கு வந்தார். சைக்கிளைச் சுற்றி ஒரு சுற்று நடந்தார். மணியைத் தட்டினார், அது 'டொக்' என்றது.

"ஏனுங்க மாப்ள, ஆத்தூர்ல அத்தனை மழைங்களா?"

நாச்சிமுத்து துண்டால் கைப்பிடியை இன்னொரு தரம் துடைத்தான்.

"ஒரு வண்டியைக் காப்பாத்தத் தெரியாதவருக்கு எந்த நம்பிக்கையிலீங்க பொண்ணைக் குடுக்கறது?"

குரல் உயரவேயில்லை. அதுதான் பயமாக இருந்தது. வெற்றிலை பாக்கு வைத்த வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போய்க் கல்யாணம் இல்லை என்று சொல்ல வேண்டுமோ என்று நான் மனசுக்குள் வீடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

சொம்பில் தண்ணீரோடு வந்த பாவாயி அதைக் கீழே வைத்தாள். சைக்கிளுக்குப் பக்கத்தில் குனிந்து, நாங்கள் தேய்க்க மறந்த சீட்டுக்கு அடியிலுள்ள சுருள் வில்லுக்குள் விரலை விட்டாள். விரல் நுனியில் வெள்ளையாகப் பூத்திருந்ததை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"அண்ணா, உப்புக் கரிக்குதுங்க" என்றாள். அப்புறம் இவன் பக்கம் திரும்பி, "அப்ப இதுக்கு முன்னால கடலைப் பாத்ததில்லீங்களா?"

"இல்லை பாவாயி."

"எனக்கு அன்னைக்கே தெரியும். இப்பச் சொல்லுங்க, எப்படி இருந்துச்சு?"

நாச்சிமுத்து நெற்றியில் கை வைத்துக் காட்டினான். "அக்கரையே காணோம் பாவாயி. நானும் தேடித் தேடிப் பாத்தேன்" என்றான்.

அவள் சிரித்த சிரிப்பில் காளைகள் தலையைத் தூக்கின. செங்கோடனுக்கும் உதடு துடித்தது. மீசையைத் தடவி அடக்கிக்கொண்டார். "இந்த வண்டி இனி எனக்கு எதுக்குங்க? சீரோட சேத்து நீங்களே வெச்சுக்கங்க" என்று உள்ளே போய்விட்டார்.

குறித்த முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. பாவாயியைக் கடலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று நாச்சிமுத்து ஒவ்வொரு கோடையிலும் சொன்னான். யுத்தம், பஞ்சம், பிள்ளைப்பேறு, தோட்டத்தில் மஞ்சள் வெட்டு என்று ஏதாவது குறுக்கே வரும். கடைசிவரை போகவேயில்லை. அவளுக்கு அதில் குறையும் இல்லை. "நீங்கெல்லாம் கடலைப் பாத்தவங்க. நான் தின்னு பாத்தவ" என்பாள்.

இப்போது அவனும் இல்லை, அவளும் இல்லை. அந்தச் சைக்கிளை எந்தப் பழைய இரும்புக்காரர் எடை போட்டு எடுத்துப் போனாரோ தெரியாது.

மகன் குழாயை மூடிவிட்டு உள்ளே போனதும் மெல்ல எழுந்து காரிடம் போனேன். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, சக்கரத்துக்கு மேலே இடுக்கில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். சப்பென்று இருந்தது. பையன் நன்றாகவே கழுவியிருக்கிறான்.