நான் சேர்த்துச் சொன்ன பத்தியம்

வென்ட்வேர்த்வில்லில் நான் அறை வாடகைக்கு இருந்த வீட்டு அன்ரிக்கு அக்கி வந்தது. கொப்புளங்கள் ஆறிய பிறகும் விலாவில் நரம்புவலி போகவில்லை. சட்டை உரசினாலே துடித்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த குளிசைகளோடு சீன வைத்தியமும் பார்க்க விரும்பினார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு நாடு நாடாக அலைந்தபோது பொறுக்கிய ஆங்கிலம் என்னிடம் இருந்தது. மொழிபெயர்க்க நானும் பக்கத்து ஊரான பரமட்டாவுக்குப் போனேன்.

சீன வைத்தியர் ஊசிகள் குத்தி, மூலிகைப் பொடி கொடுத்தார்.

"பத்தியம் ஒண்டும் இல்லையோ? கேளும் தம்பி" என்றார் அன்ரி.

நான் கேட்கவில்லை. பத்தியம் இல்லாத மருந்தும் ஒரு மருந்தா என்று எனக்கும் ஓர் எண்ணம். "மீன் கூடாதாம். ஆஸ்பத்திரிக் குளிசையும் வேண்டாமாம்" என்று நானாகச் சொன்னேன்.

அடுத்த கிழமை வலி தாங்காமல் அழுதார். "எல்லாம் என்ர வாயால வந்தது தம்பி. களவா ஒரு துண்டு மீன் திண்டனான்."

மறுபடி போனபோது வைத்தியர் குளிசைகளைப் பற்றி விசாரித்தார். நிறுத்திவிட்டார் என்றேன். அவர் திகைத்துப்போனார்.

"நிறுத்தச் சொன்னது யார்? டொக்டரைக் கேட்டு மறுபடி தொடங்கட்டும்."

"என்னவாம் தம்பி?" என்றார் அன்ரி.

"உங்கட டொக்டரைக் கேட்டுக் குளிசையைத் திரும்பத் தொடங்கட்டாம்" என்று மட்டும் சொன்னேன்.

வலி மெல்லத் தணிந்தது. போன மாதம் தன் சிநேகிதியையும் அங்கே கூட்டிப் போகச் சொன்னார். "தம்பியின்ர இங்கிலிஷ் இல்லாட்டி நான் துலைஞ்சிருப்பன்."

வேறு ஆளைப் பாருங்கோ என்றேன். ஏன் என்று கேட்டார். அதைச் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.