நூறு கிராம் சோறு

மெஸ்ஸில் பரிமாறுகிறவனுக்கு வாய் தேவையில்லை, கையளவு சரியாக இருந்தால் போதும். அதை நம்பித்தான் கூச்சக்காரனான நான் இந்த வேலைக்கு வந்தேன். நான் சொல்லப்போகும் விஷயம் முடிந்த அன்று தொழிற்சாலை ஆட்கள் சாப்பிடும் எங்கள் மண்ணூர் மெஸ்ஸில் இருந்தவர்கள்: வெல்டிங் ஆட்கள் நான்கு பேர், பெயிண்ட் ஷாப் லாரன்ஸும் இன்னொருவரும், அசெம்ப்ளியில் வேலை பார்க்கும் தென்காசி இசக்கி, அடுப்படியில் மாஸ்டர், பந்தியில் நான். ஆக ஒன்பது பேர். அடுத்தவருக்குச் சோறு போட்டுப் பழகியவர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

தராசு

இசக்கிக்குக் கொஞ்சம் பருத்த உடம்பு. யூனிஃபார்மோடு எடுத்த படத்தை ஃபோனில் போட்டிருக்கிறான். கூடத் தங்கியிருக்கிறவர்களே அதன் கீழே கேஸ் சிலிண்டர் படம் போட்டுச் சிரித்திருக்கிறார்கள். அதிலிருந்து, வயிறு கட்டம் கட்டமாகத் தெரியும் ஒருவரின் வீடியோவைத் தட்டுக்கு முன்னால் சாய்த்து வைத்துத்தான் சாப்பிடுவான். வெட்கம், அதனால் சத்தம் வைக்கமாட்டான். மதியச் சோறு நூறு கிராம் என்று அதில் எழுத்து வந்ததாம். கறி நிறுக்கும் தராசில் நிறுத்துப் போடச் சொன்னான். போட்டேன். தட்டில் ஒரு கைப்பிடிதான் இருந்தது. மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, காக்காவுக்கு வெக்கிறியா?"

லைன்

இரண்டாவது வாரம் அசெம்ப்ளி லைனில் நிற்கும்போதே கண் இருட்டி உட்கார்ந்துவிட்டானாம். அவன் இன்னும் ட்ரெய்னிதான். இன்னொரு தடவை விழுந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். மறுநாளும் தராசைத்தான் கேட்டான். கொஞ்சம் கூடப் போடட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். தட்டைக் கையால் மூடிக்கொண்டான்.

"வேல போனா வேற வேல பாக்கலாம் அண்ணாச்சி. அந்தச் சிலிண்டர் போவாதுல்லா."

சத்தம்

முதலில் சொன்ன அந்த நாளில், லாரன்ஸ் இசக்கியின் பக்கத்தில் உட்கார்ந்தான். இசக்கி கை கழுவப் போன நேரம் பார்த்து அவன் ஃபோனில் சத்தத்தைக் கூட்டினான். வீடியோக்காரர் நல்ல தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்: நூறு கிராம் என்பது வேகாத அரிசிக் கணக்கு, வெந்தால் மூன்று பங்காகும். ஈரக் கையோடு இசக்கி அப்படியே நின்றான். யாரும் சிரிக்கவில்லை. லாரன்ஸ் இசக்கியின் தட்டை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"மூணு தபா போடு பெருசு. மச்சான், அந்த சிலிண்டர் படம் நாந்தான் போட்டேன், இப்பவே அழிச்சிர்றேன். நீ துன்னு."

மூன்று முறையும் நிறுத்துத்தான் போட்டேன். மாஸ்டர் சொல்லியும் நான் கேட்டும் இறங்காத சோறு வீடியோக்காரர் சொல்லி இறங்கியது, குண்டானில் எனக்கும் மாஸ்டருக்கும் மிஞ்சியது இரண்டே கரண்டி.