எர்ரர் காட்டிய கை

போன செவ்வாய்க்கிழமை, தாம்பரத்தில் ஒரு கிளினிக். டாக்டரம்மா என் மனைவி சுமதியின் இடது மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தவர் விடவே இல்லை... வலது கைக்கு மாறினார். மறுபடி இடது.

"இந்தக் கையில பல்ஸே கிடைக்கலையே! எவ்ளோ நாளா வலிக்குது?"

"எட்டு மாசமா மேடம்."

எட்டு மாதமா? மாடியில் துணி காயப்போட்டால் கை சோர்ந்துபோகிறது என்பாள். அடிக்கடி லேசான காய்ச்சல் வேறு. "ரெஸ்ட் எடு, சரியாயிடும்" என்பேன். பெரிய வைத்தியர் நான்!

என் கதையைக் கேளுங்கள். ஆறு மாதம் முன்பு மறைமலை நகரில் ஒரு கல்யாணம். விருந்தை வளைத்துக் கட்டிவிட்டு வந்த எனக்கு இடது கை வலித்தது. அரை மணி நேரத்தில் ஈசிஜி! ஆட்டோ பிடித்து அழைத்துப் போனவள் சுமதிதான். எனக்கு வெறும் வாயு. அப்போதே அவள் கை இரண்டு மாதமாக வலித்துக்கொண்டிருந்திருக்கிறது.

அந்தப் பயத்தில் ஒரு பிபி மெஷின் வாங்கினேன். விளையாட்டாக அவளும் இடது கையை நீட்டினாள். 'எர்ரர்' என்றது. பேட்டரி மாற்றினேன். மறுபடி எர்ரர். கோபமாக மெடிக்கல் ஷாப்புக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் தன் கையில் கட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தானே கீது சார்?"

விடுவேனா? சண்டை போட்டு வேறு மெஷின் வாங்கிவந்தேன். அதுவும் எர்ரர். "சரி, வலது கையைக் குடு" என்றேன். நார்மல்! நிம்மதியாகக் காபி குடித்தோம்.

இப்போது ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. டகயாசு ஆர்ட்டரைட்டிஸ் என்கிறார்கள். பெரிய ரத்தக் குழாய்களின் சுவர் அழற்சியால் தடித்து, உள்ளே வழி குறுகிவிடும் நோய். ஆண்களுக்கும் வரும், ஆனால் அதிகம் மாட்டுவது பெண்கள்தான், பெரும்பாலும் நாற்பது வயதுக்குள். 'பொம்பளைங்களுக்கு வர்ற அசதிதானே' என்று வீடே ஒதுக்கிவிட வசதியான நோய்.

சுமதிக்கு முப்பத்தாறு. தினமும் ஸ்கூட்டரில் வண்டலூருக்கு வேலைக்குப் போகிறவள்.

"வண்டி ஓட்டலாமா மேடம்?"

"இப்போதைக்கு வேணாம்மா. அழற்சியை மாத்திரையால அடக்கலாம். அடைச்ச குழாய் திறக்குமான்னு சொல்ல முடியாது. கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்."

யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

திரும்பும்போது ஆட்டோவில் அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டேன். ஜில்லென்று இருந்தது. "தப்புப் பண்ணிட்டேன் சுமதி" என்றேன்.

"விடுங்க... எர்ரர்னு வந்ததும் நீங்க சும்மாவா இருந்தீங்க? உடனே மெஷினைத் தூக்கிக்கிட்டு ஓடினீங்களே!"