ஏழு டின் பேட்ஜும் ஓர் ஈப்போ பயணமும்

கிள்ளானில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து ஈப்போ பழைய நகரத்துக்கு ஏறத்தாழ இருநூற்று இருபது கிலோமீட்டர். மூன்று மணி நேரத்தில் போய்ச் சேரலாம். எங்களுக்கு ஐந்து மணி நேரம் ஆனது. சாலையைக் குறை சொல்ல மாட்டேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. அந்நேரத்துக்கு நான் சேலை கட்டி, பிளாஸ்கில் தேத்தண்ணீர் ஊற்றி, கேட்டையும் திறந்து வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் மணியமோ கூடத்துத் தரையில் உட்கார்ந்து, கட்டி வைத்த பிஸ்கட் டின்களை மறுபடி அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஏழு டின். ஏழிலும் பேட்ஜ். சட்டையில் குத்திக்கொள்ளும் எனாமல் பேட்ஜ், சத்துமாவு வாங்கினால் இலவசமாகக் கொடுத்த வட்டத் தகர பட்டன், பல் துலக்கச் சொல்லிப் பள்ளியில் கொடுத்தது, ரத்த தானம் செய்தவர்களுக்கான சிவப்புத் துளி, கடைச் சிப்பந்திகள் குத்தியிருந்த ‘நான் உதவலாமா’. தொலைபேசி இலாகாவில் கம்பி இழுக்கும் வேலை பார்த்தவர் அவர். போன ஊரிலெல்லாம் யார் நெஞ்சில் எது மின்னினாலும் கேட்டு வாங்கிவிடுவார். வெட்கமே கிடையாது.

“எல்லாத்தையும் குடுக்கத்தானே போறோம்? திரும்ப என்னா பார்வை?” என்றேன்.

“ஒரு தடவை பார்த்துக்கிறேன் ராஜி. அப்புறம் கண்ணாடிக்குள்ள போயிரும்லா.”

ஈப்போவில் ஒரு தனியார் அருங்காட்சியகம் பேட்ஜுகளுக்கென்றே ஒரு மாடியை ஒதுக்கியிருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னவள் எங்கள் மகள் செல்வி. தொலைபேசியில் கேட்டோம், கொண்டுவரச் சொன்னார்கள். அலமாரியின் கீழ்த்தட்டு காலியாகும் என்ற ஒரே ஆசையில் நானும் வண்டியில் ஏறினேன்.

வழியில் இரண்டு முறை நிறுத்தினார், டின்கள் சாயாமல் இருக்கின்றனவா என்று பார்க்க. ஈப்போவுக்கு முந்தைய வெளிவழியான சிம்பாங் பூலாயில், சொல்லச் சொல்லக் கேட்காமல் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினார். “இது குறுக்கு வழி, அந்தக் காலத்துல நான் கம்பி இழுத்த ரோடு” என்றார். அந்தக் காலத்து ரோடு இந்தக் காலத்தில் கேமரன் மலைக்குப் போகிற பெரிய சாலை. இருபுறமும் பாதி அறுத்த சுண்ணாம்புக் குன்றுகள். முன்னால் கல் ஏற்றிய லோரி, பின்னாலும் கல் ஏற்றிய லோரி. திரும்ப இடமில்லாமல் நெடுந்தூரம் மலையை நோக்கிப் போனோம். வண்டியின் மேல் வெள்ளைத் தூசி மாவு சலித்ததுபோல் படிந்தது. நான் ஒன்றும் பேசவில்லை. நான் பேசாமலிருந்தால் அவர் பாட ஆரம்பிப்பார். பாடினார்.

பதினொன்றரைக்கு அருங்காட்சியகத்தின் முன் நின்றோம். பழைய நகரத்தில் வரிசையாக நிற்கும் கடைவீடுகளில் ஒன்று. கீழே வெள்ளைக் காப்பிக் கடை, மேலே செங்குத்தான மரப்படி. நுழைவுக் கட்டணம் எட்டு ரிங்கிட். எங்கள் வயதைப் பார்த்து ஐந்தாகக் குறைத்தார்கள். பொருள் கொடுக்க வந்தவர்களிடமும் கட்டணமா என்று கேட்க வாய் வந்தது. மூச்சு வாங்கியதில் விட்டுவிட்டேன்.

கொடுக்கப்படும் பொருள்களைப் பார்த்து வாங்குகிறவள் கவிதா என்ற பெண். முப்பது வயதிருக்கும், ஈப்போவிலேயே புந்தோங்கில் வீடு. மேசை மேல் வெள்ளைத் துணி விரித்து, கையுறை போட்டு, முதல் டின்னைத் திறந்தாள். கொஞ்ச நேரத்திலேயே அவள் முகத்தைப் பார்த்து விஷயம் புரிந்துபோயிற்று.

“அங்கிள், ரொம்ப அழகா வச்சிருக்கீங்க. ஆனா நாங்க இந்த பேராக் மாநிலம் சம்பந்தப்பட்டது மட்டும்தான் எடுப்போம். இந்தச் சத்துமாவு பட்டன் எங்ககிட்டயே நாப்பது இருக்கு.”

“இதைப் போன்ல சொல்லியிருக்கலாம்ல, மா?” என்றேன்.

“சொன்னேன் ஆண்டி. அங்கிள்கிட்ட சொன்னேனே.”

மணியம் சுவரில் இருந்த மின்விசிறியை ஆராய்ந்தார்.

பிறகு அவர் ஒவ்வொரு பேட்ஜாக எடுத்துக் கதை சொல்லத் தொடங்கினார். இது இன்ன ஊர் தபால்காரர் கொடுத்தது, இதைக் கொடுத்த நர்ஸ் அடுத்த வாரமே வேலையை விட்டுவிட்டார் என்று. கவிதா பொறுமையாகக் கேட்டாள். எனக்குப் பொறுமை இல்லை. எழுந்து மாடியைச் சுற்றினேன்.

போகாதவர்களுக்காகச் சொல்கிறேன்: போய்ப் பார்க்க வேண்டிய இடம்தான். நீளமான கண்ணாடிப் பெட்டிகளில் கறுப்புத் துணி மேல் நூற்றுக்கணக்கில் குத்தி வைத்திருக்கிறார்கள். ஈயச் சுரங்கக் காவலாளிகளின் பித்தளை வில்லைகள். தொழிற்சங்க மாநாட்டுக்கு வந்த பேராளர்கள் குத்தியது, பட்டுநாடா தொங்குவது. டெங்கி ஒழிப்புக்காக அடித்த பட்டன் ஒன்றில் கொசு சிரித்துக்கொண்டிருக்கிறது. ஊசி துருப்பிடித்தவற்றைக் கவிழ்த்துப் போட்டு முதுகையும் காட்டுகிறார்கள். விளக்கு வெளிச்சம்தான் குறைவு. எழுத்தைப் படிக்கக் குனிந்து குனிந்து எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

“இது எங்க கிடைச்சது அங்கிள்?” என்று கவிதாவின் குரல் கேட்டது.

ஐந்தாவது டின். அவள் உள்ளங்கையில் ஒரு சிறிய பச்சை எனாமல் பேட்ஜ். நடுவில் ஓடுகிற உருவம் வெள்ளையில். கீழே ‘தோட்டங்களின் விளையாட்டு விழா’, அதற்கும் கீழே ‘முதல்’ என்று தமிழில்.

“இது எங்ககிட்ட இல்லவே இல்ல. யார் குடுத்தா?”

“அது ஒரு கூட்டாளி...” என்றார் மணியம்.

அவள் அதைத் திருப்பினாள். ஊசி உடைந்த இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றி முறுக்கியிருந்தது. அந்த முறுக்கு எனக்குத் தெரியும். ஒடிந்த ஊசியை அப்படிக் கட்டித் தந்தது என் அப்பா. நாங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தபோது.

“அது என்னோடது,” என்றேன்.

கீழே காப்பிக் கடையில் யாரோ கன்டனீஸில் கத்தி ஆர்டர் சொன்னார்கள்.

“வீடு மாறுனப்ப உன் பொட்டி அடியில கெடந்துச்சு ராஜி,” என்றார் அவர், மேசைத் துணியைப் பார்த்தபடி. “நீ எடுத்துப் பாத்ததே இல்லயே. சும்மாதானே இருக்குன்னு...”

“செல்வி ஸ்கூல்ல ஓடி ஜெயிச்சப்ப அதைத் தேடுனேனே. வீட்டையே கவுத்துத் தேடுனேன். நீங்களும் கூட உக்காந்து தேடுனீங்க. எலி இழுத்துட்டுப் போயிருக்கும்னு சொன்னீங்க!”

“அப்ப சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

பேட்ஜைக் கவிதாவின் கையிலிருந்து எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். கீழே ஒரு வெள்ளைக் காப்பி, இரண்டு ரிங்கிட் எண்பது காசு; என்ன ருசி என்று எனக்குத் தெரியாது. அவர் பின்னாலேயே வந்து நின்றார், டின்களை மேலேயே விட்டுவிட்டு. அவர் டின்களை விட்டு வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

“வீட்டுக்குப் போலாமா?”

“தோட்டத்துக்கு விடுங்க,” என்றேன்.

நான் பிறந்த தோட்டம் பத்து காஜா என்ற ஊருக்குப் போகும் வழியில், ஈப்போவிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டருக்குள். கல்யாணமான பிறகு இரண்டு தடவை போயிருக்கிறேன், இரண்டும் சாவுக்கு. ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. முன்பக்கம் மாடிவீட்டு வரிசை, பின்பக்கம் செம்பனை. விளையாட்டுத் திடல் இருந்த இடத்தில் கார் டயர் மாற்றும் பட்டறை. வெயில் மண்டையைப் பிளந்தது. கொசு வேறு, பட்டப்பகலில்.

பட்டறையிலிருந்து எண்ணெய்க் கையோடு ஒருவர் வந்தார். “என்னா வேணும் அக்கா? டயரா?”

“ஒன்னும் வேணாம் தம்பி. சும்மா பாக்க வந்தோம்.”

“இங்க பாக்க என்னா இருக்கு?” என்று உண்மையாகவே குழம்பிப்போய் உள்ளே போனார்.

மணியம் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார். நான் தட்டிவிடவில்லை.

“இங்கதான் ஓடுனியா?”

முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியாயிற்று. யாரோ ஒரு தபால்காரரின் பேட்ஜுக்குக்கூடக் கதை வைத்திருக்கிற மனுஷர், என்னிடம் இதைக் கேட்பது இதுவே முதல் தடவை. கோபம் தணியவில்லை, ஆனாலும் சொன்னேன். ஆறாம் ஆண்டில் படித்தேன். அக்கம்பக்கத்துத் தோட்டப் பள்ளிகளெல்லாம் வந்திருந்தன. என்னோடு ஓடியவர்களில் கிராணியின் மகளும் ஒருத்தி. ஆபீஸ் கணக்கர் வீட்டுப் பெண், அவளுக்கு மட்டும் வெள்ளை ஷூ. எனக்கு வெறுங்கால். பாதி தூரம் அவள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு ஓடினேன். வளைவில் அவள் ஷூ வழுக்கியது, விழவில்லை, ஒரு கணம் தயங்கினாள், அவ்வளவு போதுமாயிருந்தது. மேனேஜரின் மனைவி அவசரமாகக் குத்தியதில் ஊசி ஒடிந்தது. அன்று முழுக்க பேட்ஜை விரலால் நெஞ்சில் அழுத்திப் பிடித்துக்கொண்டே சுற்றினேன். அடுத்த வருஷம் அம்மா வயிற்றுவலியில் படுத்துவிட, தம்பிகளைப் பார்த்துக்கொள்ள நான் வீட்டோடு நின்றேன். அதற்குப் பிறகு யாரும் என்னை ஓடச் சொல்லவில்லை.

“இதெல்லாம் நீ சொன்னதே இல்லயே.”

“நீங்க கேட்டீங்களா?”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்றே வைத்துக்கொள்கிறேன்.

டின்களை எடுக்க அருங்காட்சியகத்துக்குத் திரும்பித்தான் ஆகவேண்டும். ஐந்து மணிக்கு மூடுவார்கள். வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் அந்தத் தெருவை மூன்று முறை சுற்றி, கடைசி நிமிடத்தில் ஏறினோம். கவிதா காத்திருந்தாள். ஏழு டின்னிலிருந்து அவள் தனியே எடுத்து வைத்தது ஒரு கைப்பிடிகூட இல்லை.

“ஆண்டி, நான் கட்டாயப்படுத்தல,” என்றாள். “ஆனா ஒன்னு பாத்தீங்களா? இந்த மாடில தோட்டத்துப் பேட்ஜ் எத்தனையோ இருக்கு. மேனேஜர், மண்டோர், யூனியன் தலைவர், கூர்க்கா. எல்லாம் ஆம்பளைங்க சட்டைல இருந்தது. எங்க பாட்டியும் தோட்டம்தான். ஒரு பொம்பளை பேரு போட எனக்கு இங்க ஒரு சாமான் இல்ல.”

அவள் சொன்னது எனக்குச் சரியென்றே பட்டது. பட்டதால் எரிச்சல்தான் வந்தது. கோபத்தை முழுசாக வைத்துக்கொள்ளக்கூட இந்த ஊர் விடாது போல.

“குடுக்கிறேன்,” என்றேன். “இன்னிக்கு இல்ல. முதல்ல என் மக பாக்கட்டும். அப்புறம் நானே கொண்டாரேன், ரயிலேறி. இவர் இல்லாம.”

“யார் குடுத்ததுன்னு போடறது ஆண்டி?”

“ராஜேஸ்வரின்னு போடு. குடுத்தவள்னு போடாத. ஓடுனவள்னு போடு.”

மணியம் டின்களை இரண்டிரண்டாகத் தூக்கிக்கொண்டு அந்தச் செங்குத்துப் படியில் நாலு தடவை ஏறி இறங்கினார். நான் உதவவில்லை.

இருட்டுவதற்குள் தாப்பா ஓய்விடத்தில் நிறுத்தினோம். பேட்ஜை என் ரவிக்கைத் தோளில் குத்தியிருந்தேன். தொலைக்காமல் கொண்டுபோக வேறு வழி தெரியவில்லை. சோளம் விற்ற பெண் மீதிச் சில்லறையை நீட்டியபடி என் தோளைப் பார்த்தாள்.

“என்னா பேட்ஜ் அக்கா? அழகா இருக்கே.”

நான் பதில் சொல்வதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். தோட்டம், திடல், வெறுங்கால், வளைவு எல்லாவற்றையும் கையை வீசி வீசிச் சொன்னார். பின்னால் வரிசையில் நின்றவர்களும் கேட்டார்கள். “மேனேஜர் மகளையே முந்திட்டா, தெரியுமா! அது ஷூ போட்டிருந்துச்சு, இவ வெறுங்காலு!”

“கிராணி மகள்,” என்றேன். “மேனேஜர் மகள் இல்ல. சொல்றதுன்னா சரியாச் சொல்லுங்க.”

“கிராணி மகள்,” என்று திருத்திக்கொண்டு, அந்தப் பெண்ணிடம் முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.