சான்று நகலுக்குப் போன வெள்ளிக்கிழமை

என் மூத்த மகனுக்குப் பதினேழு முடிந்து பதினெட்டு நடந்துகொண்டிருந்தது. ரயில் பட்டறையில் வேலை பழக ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவனே போய் மனுத்தாள் வாங்கி வந்தான். பதினெட்டு முடிந்தவர்களை எடுக்கமாட்டார்களாம். அடுத்த முறை ஆள் எடுப்பதற்குள் இவனுக்கு வயது தாண்டிவிடும். ஆக, அவனுக்கு இருந்தது அந்த ஒரு முறைதான்.

நாங்கள் அப்போது திருவொற்றியூரில் குடியிருந்தோம். நான் எண்ணெய் ஆலையில் பீப்பாய்க்கு மூடி அடிக்கிறவன். மூன்றாம் வகுப்போடு நின்றுபோன படிப்பு. அவன் எட்டு வரை படித்துத் தேறியிருந்தான். இரும்பு என்றால் அவனுக்கு உயிர். எங்கள் சந்தில் தண்ணீர் அடிக்கும் பம்பு நின்றுபோனால், நகராட்சி ஆட்கள் வருவதற்கு முன் அவனே கழற்றிப் பார்த்து ஓடவிட்டுவிடுவான்.

மனுவோடு பிறப்புச் சான்றின் நகல் வைக்கவேண்டும். அசலை அனுப்பக்கூடாது. அசலைப் பார்த்து டைப் அடித்த தாளில், நோட்டரி வக்கீல் ஒருவர் ‘அசலோடு ஒத்துப் பார்த்தேன்’ என்று கையெழுத்திட்டு முத்திரை குத்தித் தரவேண்டும். மனு போய்ச் சேரவேண்டிய கடைசி நாள் சனிக்கிழமை.

அசல் சான்று செவ்வாய்க்கிழமையே கைக்கு வந்துவிட்டது.

“நாளிக்கே போய் அடிச்சிகினு வந்துர்லாம் நைனா” என்றான் மகன்.

“வெள்ளிக்கெழம வடிவுடையம்மா கால்ல வச்சிட்டுப் போலாம்டா. மூணு நாள்ல இன்னா ஆவப்போது?” என்றேன்.

அவன் சான்றை என்னிடமே கொடுத்தான். என் பேச்சைத் தட்டாத பிள்ளை. அவன் அப்போது ஒரு லாரி ஷெட்டில் தினக்கூலிக்கு நின்றுகொண்டிருந்தான். வேலையை விடாதே, நானே போய் வருகிறேன் என்று அதையும் நானே சொன்னேன்.

வெள்ளியன்று ஆலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, குளித்து, வடிவுடையம்மன் சந்நிதியில் தாளைக் கொடுத்தேன். குருக்கள் அம்மன் பாதத்தில் வைத்துப் பூவோடு திருப்பித் தந்தார். அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். வீட்டுக்கு வந்து, விளக்கேற்றி, தாளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் சந்தனத்தைக் குழைத்து வைத்து அதன்மேல் குங்குமமும் வைத்தேன். நல்ல காரியத்துக்குப் போகிற எந்தத் தாளுக்கும் எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்வோம். சான்றில் எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. எனக்கு அது தெரியாது. எழுத்து நெருக்கமில்லாத இடமாகப் பார்த்துத்தான் வைத்தேன். என் பிள்ளைக்கு ஒரு வழி விடு தாயே என்று கும்பிட்டபோது கண் கலங்கியது. பத்தரைக்கு ராகு காலம் வந்துவிட்டது. பன்னிரண்டுக்கு அது கழிந்த பிறகே பஸ் ஏறினேன்.

ஐகோர்ட்டுக்கு எதிரே நடைபாதையில் குடை விரித்து, மரப்பெட்டிமேல் டைப் மிஷினை வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவரிடம் சான்றை நீட்டினேன். அவர் அதைத் தூக்கிப் பிடித்துப் பக்கத்து ஆளுக்குக் காட்டினார்.

“இன்னா சாமி, காய்தத்துக்குக் கண்ணாலமா? பொட்டு வச்சி இட்டாந்துகிறே?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் மிஷினில் தாளைச் சுற்றிவிட்டு, சான்றின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்து நின்றார்.

“தேதி கீது, மாசம் கீது. வருசம் எங்க?”

“அதுலயே இருக்குங்க, நல்லா பாருங்க.”

“பொட்டுக்கு அடில கீது சாமி. நான் இன்னான்னு அடிக்கிறது? குங்குமம்னு அடிக்கட்டா?”

இம்முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் முகத்தைப் பார்த்து அவர் குரலும் மாறியது. “தோ பாரு, சொரண்டாத. தண்ணி காட்டாத. அப்பிடியே வக்கீலாண்ட எட்த்துகினு போ. அவுரு பாத்து சொல்லட்டும்.”

நான் கேட்கவில்லை. பக்கத்துத் தெருவில் இருந்த நோட்டரி வக்கீல் வீட்டுப் படி ஏறுவதற்கு முன் தெருக்குழாயில் துண்டின் முனையை நனைத்து மெல்லத் துடைத்தேன். குங்குமம் பரவியது. இன்னும் கொஞ்சம் துடைத்தேன். அடியிலிருந்து மை ஊதாவாகக் கிளம்பி அதோடு கலந்தது. சிவப்புப் போனபோது எழுத்தும் போயிருந்தது. அந்த இடத்தில் தாள் பஞ்சு பஞ்சாக எழும்பி நின்றது.

ரயில் பட்டறை மனுவுக்கு என்று சொல்லிக் கொடுத்தேன். வக்கீல் ஐயா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இத யாரு அழிச்சது?”

“நான்தாங்க. குங்குமம் பட்டுடுச்சிங்க.”

“சரியா வருஷத்துமேல மட்டும் பட்டுதா?”

“ஆமாங்க” என்றேன். நடந்தது அதுதான்.

“பையனுக்கு என்ன வயசு?”

“பதினேழு முடிஞ்சிடுச்சிங்க.”

“அங்க எது வரைக்கும் எடுப்பா?”

“பதினெட்டுங்க.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நெற்றியில் விபூதி, கையில் அம்மன் பூ. வயதை மறைத்துப் பிள்ளையை வேலைக்குத் தள்ளப் பார்க்கிறவன் என்று அவர் நினைத்தது எனக்குத் தெரிந்தது. என் வாழ்நாளில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

“ஐயா, எங்க அம்மன்மேல ஆணையா சொல்றேன்...”

“நீர் பொய் சொல்றீர்னு நான் சொல்லலை. ஒத்துப் பார்த்தேன்னு கையெழுத்துப் போடணும். அசல்லயே வருஷம் இல்லையே, நான் எதோட ஒத்துப் பாக்கறது? வேற சான்று வாங்கிண்டு வாரும்.”

திரும்ப பஸ் பிடித்து, சான்று கொடுத்த அலுவலகத்துக்கு ஓடினேன். பழைய பதிவேட்டைத் தேடி எடுத்து எழுதவேண்டும், பத்துப் பதினைந்து நாளாவது ஆகும் என்றார் குமாஸ்தா. அவர்மேலும் குற்றமில்லை. மறுநாள் சனிக்கிழமை.

வீட்டில் மகன் கைகால் கழுவிவிட்டு, மனுத்தாளை எழுதி முடித்துக் காத்திருந்தான். நகலை வைத்துத் தைக்க நூலும் ஊசியும்கூட எடுத்து வைத்திருந்தான். நான் நடந்ததைச் சொன்னேன். என் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அவன் சான்றை வாங்கி, தாள் எழும்பியிருந்த இடத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தான்.

“வுடு நைனா. நீ இன்னா வேணும்னா செஞ்சே?” என்றான். பிறகு எழுந்து வெளியே போய்விட்டான்.

அவன் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். செவ்வாய்க்கிழமையே சொன்னேனே என்றாவது கேட்டிருக்கலாம். இன்றுவரை கேட்கவில்லை.

லாரி ஷெட்டில் இரண்டு மாதத்தில் ஆள் குறைத்தார்கள். அதன்பின் துறைமுகத்தில் நிலக்கரிக் கூடை தூக்கப் போனான். இன்னும் அதைத்தான் செய்கிறான். முப்பது ஆகவில்லை, வலது தோள் இறங்கிவிட்டது. சந்தில் பம்பு நின்றால் இப்போது வேறு யாராவது ஆளைக் கூப்பிடுகிறார்கள். அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

நான் சாமி கும்பிடுவதை விடவில்லை. விட எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை சந்நிதியில் நின்று வீட்டில் உள்ள எல்லோர் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி வேண்டிக்கொள்கிறேன். மூத்தவன் பெயர் நாக்கு நுனிக்கு வரும்போது வாயை மூடிக்கொள்கிறேன். அவனுக்காக நான் மறுபடியும் எதையாவது செய்யப்போய் என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது.