கடைத்தெரு முனையில் ஒரு மஞ்சள் கோட்டு

பத்தொன்பது வருஷம் அவள் மனிதர்களின் கைகளை மட்டும்தான் பார்த்தாள். சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கொடுக்கும் அறை அப்படிப்பட்டது. முகம் தெரியாத உயரத்தில் அரைவட்டமாக ஒரு துவாரம், அதற்குள் நீளும் விரல்கள். கொட்டகையை இழுத்து மூடியபோது அவளுக்கு வயது நாற்பத்தேழு. கண் தெளிவாக இருந்தது, எண்ணுவதில் பிழை வராது, நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்தாலும் அலுக்காது. இந்த மூன்று தகுதிகளுக்கும் இனிமேல் ஊரில் வேலை கிடைக்காது என்று அவளே முடிவு கட்டியிருந்தாள். நகராட்சிக்கு மட்டும் அப்படி ஒரு ஆள் தேவைப்பட்டது.

பூட்டிய கொட்டகைக்கு எதிரேதான் கடைத்தெரு வந்து பெரிய ரோட்டில் முட்டும். மேற்கே ஒரு சரிவு. அதில் இறங்கும் லாரிகளும் பஸ்களும் வந்த வேகத்தைக் குறைக்க மனமில்லாமல் முனையைத் தாண்டிப் போகும். ஒரே வருஷத்தில் நான்கு பேர் அடிபட்டார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வீடு உள்ளவர்கள் கடைத்தெருப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்கள். கடைக்காரர்கள் சேர்ந்து நகராட்சிக்கு ஒரு மனு கொடுத்தார்கள். அதில் இரண்டே கோரிக்கை. முனையில் ஜனங்கள் கடக்க வெள்ளைக்கோடு போட்டு, ஒரு வேகத்தடையும் வைக்க வேண்டும். 'கடைவீதி மேம்பாடு' என்று நகராட்சி கையில் வைத்திருந்த திட்டத்தில் விளக்கு, பெஞ்சு, நடைபாதை எல்லாம் இந்தத் தெருவுக்கு வேண்டும்.

நகர்மன்ற உறுப்பினர்கள் மூன்று கூட்டம் இதைப் பற்றி நிதானமாகப் பேசினார்கள். எதையும் முடிவு செய்யாமல் எழுந்து போனால் நன்றாக இருக்காது என்பதால், முதலில் கணக்கெடுப்பது என்று முடிவு செய்தார்கள்.

கணக்கெடுக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. ஆறு வாரம். ஒரு மடக்கு நாற்காலி, பெரிய குடை, கட்டை விரலால் அழுத்தி எண்ணும் சின்னக் கருவி ஒன்று, நிறுத்துக் கடிகாரம், ஒரு கட்டுப் படிவம். கூடவே இருட்டிலும் பளபளக்கும் மஞ்சள் கோட்டு. அது முழங்காலுக்குக் கீழே தொங்கியது. முதுகில் 'நகராட்சி' என்று கொட்டை எழுத்து. எத்தனை வண்டி, இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவே அது போக எத்தனை வினாடி, எத்தனை பேர் ரோட்டைக் கடந்தார்கள், எத்தனை பேர் கடையில் ஏறினார்கள் என்று நான்கு கட்டங்களை நிரப்ப வேண்டும். வேலை சுலபம்தான். கைகளுக்குப் பதிலாக முகங்களைப் பார்ப்பதுதான் அவளுக்கு முதல் இரண்டு நாள் கூச்சமாக இருந்தது.

முதல் நாள் வண்டிகள் பறந்தன. மூன்றாம் நாள் கொஞ்சம் அடங்கின. இரண்டாம் வாரம் லாரிகள்கூட பூனை மாதிரி வந்து போயின. முனையில் நின்று பயந்துகொண்டிருந்தவர்கள், கோட்டுப் போட்ட அம்மா இருக்கும் இடத்தில் கடப்பதுதான் பத்திரம் என்று அவள் பக்கத்தில் வந்து நின்றார்கள். வயசானவர்கள் என்றால் அவளே எழுந்து நடு ரோடு வரை போய்க் கையைக் காட்டுவாள். அது அவள் வேலையில்லை. ஆனால் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார முடியவில்லை. கடக்க நின்றவர்கள் நின்ற இடத்தில் பேசினார்கள். பேசினவர்கள் அப்படியே செருப்புக் கடையிலும் பாத்திரக் கடையிலும் ஏறி இறங்கினார்கள். முனையிலிருந்த சலூன்காரர் வேளை தவறாமல் டீ கொடுத்தனுப்பினார். ஒரு மாதத்தில் அவளுக்குக் கோட்டக்கா என்று பெயர் விழுந்துவிட்டது.

அவளுக்கும் உள்ளுக்குள் பெருமைதான். எண்களை ஒழுங்காக எழுதிக் கொடுத்தால் கோடு வந்துவிடும் என்று நம்பி, ஒரு சைக்கிளைக்கூட விடாமல் குறித்தாள்.

அந்தப் பெருமையைக் கலைத்தது அவள் புருஷன். பார்சல் வண்டி ஓட்டுகிறவர், நாளைக்கு ஆறு முறை அந்த முனையைத் தாண்டுகிறவர். ஒரு சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது அவள், இப்போதெல்லாம் டிரைவர்களுக்கு நல்ல புத்தி வந்திருக்கிறது என்றாள். அவர் சிரித்தே விட்டார்.

"புத்தியும் இல்ல, ஒண்ணும் இல்ல. சரிவுல இறங்குறப்பவே மஞ்சளா தெரியுது. போலீஸோன்னு எல்லாரும் பிரேக்ல காலை வைக்கிறோம். எதிர்ல வர்றவன்கிட்ட லைட் அடிச்சு வேற சொல்லிடுறோம்."

"நீங்களுமா?"

"நான் உன்னைப் பார்த்துதான் மெதுவா போறேன். நீ வீட்டுக்கு வந்தப்புறம் போறதுன்னா, வழக்கம் போலத்தான்."

நான்கு வாரமாக அவள் எண்ணியது ரோட்டை அல்ல, தன்னைத்தான் என்று புரிந்தது. இந்த எண்களைப் பார்த்தால் எந்த மன்றமும் கோடு போடாது.

மறுநாள் நகராட்சி இன்ஜினியரைப் பார்த்தாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஊரின் எல்லாக் குழிகளுக்கும் அவர் ஒருவர்தான் பொறுப்பு என்பதால் எப்போதும் களைத்திருப்பார். முழுவதையும் காது கொடுத்துக் கேட்டார். அது அவளுடைய கருத்து என்றும், கருத்து எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை என்றும் வருத்தத்தோடு சொன்னார். வேண்டுமானால் அடியில் ஓரமாக எழுதிக்கொள்ளச் சொன்னார்.

அவள் அதோடு விடவில்லை. கடைசி வாரத்தில் இரண்டு நாள் கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, முனையிலேயே கடை வைத்திருந்த தையல்காரரின் மாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து எண்ணினாள். எட்டு வினாடியில் போன லாரிகள் மூன்று வினாடியில் போயின. ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடிக்கிற நேரம்கூட ரோடு காலியாக இருக்கவில்லை. கடக்க வந்த பாதிப் பேர் ரோட்டோரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அதையும் எழுதி, தேதி போட்டு, தனியாகப் பின் குத்திக் கொடுத்தாள்.

மன்றக் கூட்டத்தன்று பொதுமக்கள் உட்காரும் கடைசி வரிசையில் இருந்து கேட்டாள். இன்ஜினியர் எண்களை வாசித்தார். மாடியில் எடுத்த இரண்டு நாள் கணக்கு, அனுமதித்த உடையில்லாமல், அனுமதிக்காத இடத்திலிருந்து எடுத்ததால் செல்லாது என்று ஒதுக்கினார்கள். மீதி எண்கள் அருமையாக இருந்தன. கணக்கெடுக்கத் தீர்மானம் போட்டதுமே தெரு திருந்திவிட்டது பாருங்கள் என்று ஒரு உறுப்பினர் பூரித்தார். தலைவரும் தலையாட்டினார். ரோடு பாதுகாப்பாக இருப்பதால் கோடும் வேகத்தடையும் தேவையில்லை. கடைகளில் கூட்டம் நிரம்பி வழிவதால் மேம்பாட்டுத் திட்டமும் இந்தத் தெருவுக்குத் தேவையில்லை. அதை ஊருக்கு வெளியே புதுப் பஸ் நிலையத் தெருவுக்குக் கொடுக்கலாம். கடைசியாக, பிழையில்லாமல் எண்ணிய ஊழியருக்கு ஏகமனதாக நன்றி தெரிவித்தார்கள். அவள் எழுந்து கும்பிட வேண்டியிருந்தது.

கோட்டைத் திருப்பிக் கொடுத்து எட்டாம் நாள், சலூன்காரர் டீ வாங்க ரோட்டைக் கடந்தபோது ஒரு வேன் அடித்துத் தள்ளியது. உயிருக்கு ஆபத்தில்லை, கால் இரண்டு இடத்தில் முறிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தன் கையால் எழுதிய எண்கள்தான் அவர் காலை முறித்தன என்று அவளுக்குத் தோன்றியது. அவர் கட்டிலில் சாய்ந்தபடி அவளைச் சமாதானப்படுத்தினார். "நீங்க என்னக்கா பண்ணுவீங்க. நாம கோடு கேட்டோம், அவங்க கோட்டு கொடுத்தாங்க. இப்ப அதையும் வாங்கிக்கிட்டாங்க."

கடைக்காரர்கள் கதவை இழுத்துப் பூட்டிவிட்டு நகராட்சி வாசலில் உட்கார்ந்தார்கள். மன்றம் அவசரமாகக் கூடியது. அவளும் போய்க் கடைசி வரிசையில் இடம் பிடித்தாள். பாதுகாப்பான ரோட்டில் எப்படி விபத்து நடக்கும் என்று தலைவர் கேட்டார். கோடு போடுவதென்றால் போன தீர்மானம் தவறு என்று சொல்ல ஒரு தீர்மானம் வேண்டும், அதை முன்மொழிய யாரும் கையைத் தூக்கவில்லை. அப்போது முன்பு பூரித்த அதே உறுப்பினர் எழுந்தார். கணக்கெடுத்த ஆறு வாரத்தில் ஒரு விபத்தும் இல்லை, நிறுத்திய எட்டாம் நாளே விபத்து, இதைக் கவனித்தீர்களா என்றார்.

அவள் நாற்காலி நுனிக்கு வந்தாள். கடைசியில் புரிந்துகொண்டார்கள் என்று நினைத்தாள். அவர்களுக்கும் புரியத்தான் செய்தது. கணக்கெடுப்பைத் தொடர்வது என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள்.

அன்றைக்கே இன்ஜினியர் அவளை அறைக்குக் கூப்பிட்டு, கோட்டை மேஜைமேல் வைத்தார். துவைத்து மடித்திருந்தது. அவள் கை நீட்டவில்லை. "நான் எண்ணி எழுதுறதை யார் சார் பார்க்கப் போறாங்க?" என்று கேட்டாள்.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "யாரும் பார்க்க வேண்டாம்மா. வண்டிக்காரங்க உங்களைப் பார்த்தா போதும்."

அந்தக் கட்டடத்தில் ஒருவர் உண்மையைப் பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரு இரவு யோசித்தாள். எண்ணினால் கோடு வராது, எண்ணாவிட்டால் யாருக்காவது கால் முறியும். காலையில் போய்க் கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

ஏழு வருஷம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பை நீட்டித்து உத்தரவு வருகிறது. ஒவ்வொரு நாளும் நான்கு கட்டங்களையும் நிரப்பி, அடியில் ஓரமாக, 'என் கோட்டைப் பார்த்து மெதுவாகப் போகிறார்கள், நான் இல்லாவிட்டால் போக மாட்டார்கள்' என்று எழுதுகிறாள். அலுவலகத்தில் கோப்பில் சேர்க்கத் துளை போடும் இயந்திரம் சரியாக அந்த வரியின் நடுவில்தான் துளை போடுகிறது. வருஷா வருஷம் அவளுடைய எண்களைக் காட்டி, அந்த முனைக்கு எதுவும் தேவையில்லை என்று மன்றம் மறுபடியும் உறுதி செய்கிறது. சலூன்காரர் லேசாகக் கால் சாய்த்து நடக்கிறார். கடைகள் நன்றாகவே நடக்கின்றன. இன்னொரு தடவை அந்த முனையில் யாரும் அடிபடவில்லை. சரிவில் இறங்கும்போது புருஷன் மட்டும் ஹாரனை ஒருமுறை அழுத்துவார். ஒரு நாள் அவர் கொஞ்சம் வேகமாக வர, அவள் அவர் வண்டி நம்பரையும் சேர்த்து வேகக் கட்டத்தில் குறித்து வைத்தாள். வீட்டில் இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை.

போன மாதம், கடைத்தெருவுக்கு விடுமுறையான ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேம்பாடு செய்த அந்தப் புதுப் பஸ் நிலையத் தெருவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று இருவரும் கிளம்பினார்கள். பஸ் நிலையம் இன்னும் திறக்கவில்லை. வழவழப்பான நடைபாதை, இருபுறமும் பூந்தொட்டி, பத்தடிக்கு ஒரு விளக்கு, இரும்புப் பெஞ்சு, புதுப் பெயிண்ட் அடித்த வேகத்தடை, அதையொட்டி அகலமான வெள்ளைக்கோடு. மனுஷ நடமாட்டம் இல்லை. ஒரு நாய் மட்டும் வேகத்தடைமேல் படுத்திருந்தது.

அவள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். பழக்கதோஷத்தில் கட்டை விரல் எண்ணத் தயாரானது. கால் மணி நேரத்தில் ஒரு சைக்கிள் போனது. அதை ஓட்டியவர் வேகத்தடையில் இறங்கி, நாயைச் சுற்றித் தள்ளிக்கொண்டு போனார்.

"எழுந்திரு, போகலாம்," என்றார் புருஷன். "இங்க என்ன இருக்கு எண்ண."

"வந்தது வந்தோம், ஒரு தடவை கடந்துட்டுப் போவோம்ங்க," என்றாள்.

இரண்டு பக்கமும் பார்த்தார்கள். வண்டி எதுவும் வரவில்லை. இருந்தாலும் கோட்டுக்கு வெளியே கால் வைக்காமல், அவர் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனாள். அங்கே போய்ச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பதால், அதே கோட்டில் திரும்பி நடந்தார்கள்.