வீட்டுக்குள் போன செருப்புகள்

போன ஞாயிறு எங்கள் ஜூலிக்குத் தீர்ப்பு நாள். "இன்னொரு செருப்பு போச்சுன்னா நாயும் வெளியே போவணும்" என்று ஒரு வாரம் முன்பே கெடு வைத்திருந்தார் வீட்டு ஓனர்.

ஜூலிக்கு வயது ஒன்று. நாட்டு நாய். எதையாவது கடித்துக்கொண்டே இருக்க வேண்டும் அவளுக்கு. கீச் கீச்சென்று கத்தும் பொம்மை வாத்து வாங்கினேன் — நான் டீ குடித்து முடிப்பதற்குள் வாத்து ஊமையாகிவிட்டது. கயிற்றுப் பந்து வாங்கினேன். நார் நாராகிவிட்டது. விழுங்கிவிடுவாளோ என்று பயந்து பிடுங்கிப் போட்டேன். கடைசியில் என் பழைய செருப்பைக் கொடுத்தேன். அடேயப்பா... என்னமாய் உழைத்தது!

அப்புறம்தான் எங்கள் பட்டாபிராம் காம்பவுண்டில் மற்றவர்கள் வாசலில் விட்ட செருப்புகளும் போக ஆரம்பித்தன. ஐந்து குடித்தனம். கடைசியாகப் போனது, பக்கத்து வீட்டு டெய்லர் மும்தாஜ் அக்கா சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போட்டுப்போக வாங்கிய புதுச் செருப்பு. ஓனர் கெடு வைத்தது அன்றுதான்.

அறுந்த வாரைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கா வந்தார். நான் மன்னிப்பு கேட்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"செருப்பு கடிக்க நீதானேண்ணா கத்துக் குட்த்தே? பழ்சு இன்னா, புச்சு இன்னா... அதுக்கு இன்னா தெரியும்?"

சுளீரென்றது. பாடம் நடத்தியது நான். ஜூலி நன்றாகப் படித்திருக்கிறாள், அவ்வளவுதான்!

அன்று மாலையே ஆவடியில் நாய்ச் சாமான்கள் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். கடிக்கும் பொம்மைகளில் இருப்பதிலேயே கெட்டியானதைக் கேட்டேன். கடைக்காரப் பெண் ஒரு பிளாஸ்டிக் எலும்பை எடுத்து, "நகத்தால அழுத்துங்க" என்றார். அழுத்தினேன். தடமே விழவில்லை. "அப்போ பல்லுதான் உடையும்" என்று அதைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார். வந்த வியாபாரத்தை வேண்டாம் என்பவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அவர் கொடுத்தது தடித்த கறுப்பு ரப்பர். அழுத்தினால் லேசாக அமுங்கியது. விழுங்க முடியாத பெரிய சைஸ். நடுவில் இருக்கும் குழியில் தயிர்சாதம் அடைத்துக் கொடுக்கச் சொன்னார்.

ஜூலி அதை விடவே இல்லை. ஆனாலும் செருப்பைக் கண்டால் வால் ஆடியது.

மறுநாள் காலை கதவைத் திறந்தேன். ஒரு வாசலிலும் செருப்பு இல்லை!

"அது மறக்கிற வரிக்கும் உள்ளயே கெடக்கட்டும்ணா. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றார் மும்தாஜ் அக்கா.

நினைத்துப் பாருங்கள். தொழுகை நடக்கும் வீடு, பூஜை அலமாரி உள்ள வீடு, மாதா படம் மாட்டிய வீடு. அங்கெல்லாம் செருப்பு உள்ளே போயிருக்கிறது, பிளாஸ்டிக் கவரில். ஒரு நாய்க்காக. யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை.

ஞாயிறு காலை ஓனர் வந்தார். வெறும் வாசல்களைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"இன்னாப்பா, ஒருத்தர் ஊட்லயும் ஆள் இல்லியா?"

மாடியிலிருந்து ஆட்டோக்கார ஜோசப் எட்டிப் பார்த்தார். "எல்லாரும் ஊட்லதான் கீறோம் நைனா... செருப்போட!"

சிரிப்புச் சத்தத்தோடு எல்லாக் கதவும் திறந்தது. மும்தாஜ் அக்கா விவரம் சொன்னார். அந்த வாரம் ஒரு செருப்பும் போகவில்லை என்றார். ஓனர் ஜூலியைப் பார்த்தார். அவள் ரப்பரை முன்னங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, தலையைக்கூடத் தூக்காமல் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஓனர் குனிந்து தன் தோல் செருப்பைக் கழற்றினார். கையில் எடுத்துக்கொண்டார்.

"இத்த எங்கப்பா வெக்கிறது?"